மூடுபனியில் ஒரு பாவு

எனக்கு ஒரு காலத்தில் மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கடன் இருந்தது. முதல் ஷேர் ஆட்டோ வாங்கிய கடன். பைனான்ஸ்காரன் ஒரு நாள்கூட என் வாசலில் வந்து நின்றதில்லை. அதற்கு முன்னாலேயே போய்க் கட்டிவிடுவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கால் வைக்கச் சொந்தமாக ஒரு வரப்பு இல்லாத வீட்டில் பிறந்தவன். இன்று தேவசகாயம் வண்டி என்றால் ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் வரை தெரியாதவர் கிடையாது. நாலு வண்டி, நாலும் என் பெயரில். என் பெருமையை ஊரே பேசுகிறது, நான் வேறு எழுத வேண்டாம். என் வண்டி ஒன்றை ஓட்டும் மஹாலட்சுமியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நெசவு வீட்டுப் பெண். புருஷன் குமரன் தறியில் உட்கார்ந்தால், புடவையை முடித்து அறுத்துக் கொடுத்த பிறகுதான் கூலி வரும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிவது ஆட்டோவால்தான்.

போன மார்கழியில் எங்கள் சாலையை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் ஜல்லி, நடுவில் டிப்பர் லாரி. என் வண்டி ஒன்று கவிழ்ந்து கூரை நசுங்கியது. ரோடு முடிகிறவரை எல்லா வண்டியும் ஷெட்டில் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் மாற்றுகிறவன் இல்லை.

மஹாலட்சுமி வந்து நின்றாள். "வண்டி ஷெட்ல நின்னா நாங்க எங்க மொதலாளி நிக்கிறது?"

"உசுரு இருந்தாத்தானம்மா நிக்க முடியும்?"

"ஒரு நாளு எங்கூட வந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மறுநாள் விடியும் முன்னே ஏறினேன். எனக்குப் பக்கத்தில் சாமந்திக் கூடையோடு அம்சா. பூக்கடைக்காரி, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என்னா மொதலாளி, வண்டிய வித்துட்டு நம்மள மாரி ஆயிட்டீங்களா?"

"நாலு வண்டி இருக்குது, தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும். தெனம் நீங்களே சொல்லிக்கினுதான இருக்கறீங்க."

ஐயம்பேட்டை தாண்டியதும் சாலை காணாமல் போனது. தென்னேரிப் பக்கமிருந்து வந்த பனி, கஞ்சித் தண்ணீர் போல எங்கும் தேங்கியிருந்தது. அதற்குள் மஞ்சள் விளக்குகள் தூங்கித் தூங்கி விழித்தன. ஜேசிபி ஒன்று கழுத்தை மடக்கி யானைபோலப் படுத்திருந்தது. பச்சைக் கொடி பிடித்த ஆளுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. பளபளக்கும் சட்டை மட்டும் காற்றில் நின்று எங்களைக் கூப்பிட்டது. நான் விழித்திருக்கிறேனா என்று தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

மஹாலட்சுமி விளக்கைத் தாழ்த்தி, நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். முன்னால் போன டிப்பருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பஸ்ஸே நிற்கலாம்.

"இவ்ளோ எடம் உட்டா எவனாவது பூந்துடுவான்மா."

"பூந்தா பூரட்டும். அவனுக்குப் பின்னாடி மறுபடியும் எடம் உட்டுக்கலாம்."

டிப்பர் ஜல்லி மேட்டுப் பக்கம் ஒதுங்கியது. கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று நிறுத்தினாள். இன்ஜினையும் அணைத்துவிட்டாள். பனியில் எதுவும் கேட்கவில்லை.

"என்னம்மா?"

"பாவு போட்டிருக்காங்க மொதலாளி." மெதுவாகத்தான் சொன்னாள், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

பார்த்தேன். கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டிய ஒரு நீளம், சிவப்பும் வெள்ளையுமாக, இடுப்புயரத்தில் நடுங்கிக்கொண்டே போய்ப் பனியில் கரைந்தது. நெசவுத் தெருக்களில் வெயில் ஏறும் முன் பட்டு இழைகளை இப்படித்தான் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் பாவு. அதை யாரும் தாண்ட மாட்டார்கள். புகைகூடப் படக்கூடாதென்று வண்டியை அணைத்துவிட்டு, கடைசிக் கம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ச் சுற்றித்தான் வருவார்கள்.

"யாரு ஊட்டுப் பாவுடி இது, ஹைவேஸ்காரன் ஊட்டுதா?" என்று அம்சா சிரித்தாள்.

"நேரா உடும்மா. நேத்து அதான் வழி," என்றேன்.

"தாண்டக் கூடாது மொதலாளி."

பின்னால் ஒரு பைக் விடாமல் ஹாரன் அடித்தது. ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டியிருந்த ஆள் எங்களை முறைத்துவிட்டு, இரண்டு கம்புகளுக்கு நடுவில் நுழைந்தார். அந்த நீளம் அவர் மார்பில் பட்டு அறுந்து, மிதந்து இறங்கியது. பிறகு பைக்கும் இல்லை, ஆளும் இல்லை. சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது.

ராத்திரியோடு ராத்திரியாகச் சிறுபாலம் கட்டச் சாலையைக் குறுக்கே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த கொடிக்காரரும் நாங்களுமாக அவரைத் தூக்கினோம். நல்லவேளை, அடியில் சேறு. கணுக்கால் மட்டும் வீங்கியிருந்தது. "ரோடு எங்கபா?" என்று எங்களையே கேட்டார்.

நான் சொன்னது நேற்றைய வழி. நேற்றைக்கு அது சரியான வழிதான்.

மஹாலட்சுமி அறுந்து கிடந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது. "பிளாஸ்டிக் ரிப்பன் மொதலாளி. பனியில பாவுன்னு நெனச்சிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"இனிமேலும் அப்படியே நெனச்சிக்கம்மா," என்றேன்.

ரிப்பனின் கடைசிக் கம்பு வரை ஊர்ந்து, திருப்பிவிட்ட மண் பாதையில் இறங்கி ஏறினோம். காஞ்சிபுரம் வந்தபோது கோபுரத்தின் மேல்பாதி மட்டும் பனிக்கு வெளியே மிதந்துகொண்டிருந்தது. அம்சா கூடையை இறக்கிக்கொண்டு போனாள். மஹாலட்சுமி என் முகத்தையே பார்த்தாள்.

"சாயங்காலமும் ஓட்டு. மத்தவனுங்க வண்டி ஷெட்லயே நிக்கட்டும்," என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்தாள்.

"கைய நீட்டும்மா."

"எதுக்கு மொதலாளி?"

"ஏறி வந்தேன் இல்ல?"

சொந்த வண்டிக்கு நான் காசு கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. விரித்த அந்தக் கையில் பத்து, இருபது, முப்பது என்று ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன்.