இடி இடித்தால் வரும் போன்

ஆலங்குடிக்குத் தெற்கே, முந்திரிக்காட்டை ஒட்டிய வீட்டில் சொர்ணவல்லி தனியாக இருக்கிறாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வெற்றிசெல்வன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். கூடத்தில் ஒரு கேமரா மாட்டியிருக்கிறான். அங்கிருந்தபடியே தன் போனில் அவளைப் பார்த்துக்கொள்வான். பார்த்துவிடுவதால் கூப்பிடுவதில்லை. சாப்பிட்டதும் தெரிகிறது, படுத்ததும் தெரிகிறது. அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

ஒரு ஐப்பசி மழையில் மின்னல் இறங்கி டிவியும் கேமராவும் கருகிப்போயின. புதிதாக வாங்கி மாட்டச் சொன்னான். அன்றிலிருந்து வானம் கறுத்தாலே அவள் மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுவாள். கேமரா அணைந்த கொஞ்ச நேரத்தில் போன் அடிக்கும்.

“என்ன ஆத்தா, ஒண்ணும் தெரியல?”

“இடி இடிக்குதுப்பா. அதான் எல்லாத்தையும் அமத்திட்டேன்.”

மழை விடும்வரை பேசிக்கொண்டிருப்பான். ஆடு ஈன்றதிலிருந்து அடுத்த வீட்டுச் சண்டைவரை அவள் சொல்லித் தீர்ப்பாள்.

இந்தத் தொல்லை எதற்கென்று, மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டர் வைக்க எலக்ட்ரீசியன் அருள்தாஸை அனுப்பினான் மகன்.

“கம்பி வழியா எகிறி வர்ற கரண்ட இது மண்ணுக்குள்ள தள்ளிவிட்டுரும்க்கா. எர்த் குழி காயாம தண்ணி மட்டும் ஊத்துங்க. இனிமே இடி ஒங்க வாசல்ல செருப்பக் கழட்டிப்புட்டுத்தான் வரும்.”

அடுத்த மழைக்கு அவள் எதையும் அணைக்கவில்லை. போன் வரவில்லை.

அதற்கடுத்த மழைக்கு அணைத்தாள். உடனே வந்தது.

“புதுசா வச்ச சாமான் போயிருச்சா ஆத்தா?”

“எனக்கென்னப்பா தெரியும்?”

வெகுநேரம் பேசினான். இன்னொரு மழைக்கும் அப்படியே. பிறகு மகன் அனுப்பி அருள்தாஸ் மறுபடி வந்து நின்றார். போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மகனை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். சொல்லிவிடாதீர்கள் என்று சொர்ணவல்லி கண்ணால் கெஞ்சினாள். அவர் முகம் போர்டின் பக்கமே இருந்தது.

“சாமான் நல்லாத்தான் இருக்கு தம்பி. அக்காதான் பழைய நெனப்புல அமத்திப்புடுது.”

மகன் சிரித்தான். “இவ்வளவுதானா? நான் வேலையப் போட்டுட்டுப் பதறுறேன். இனிமே அணைஞ்சா நீதான்னு நெனச்சுக்கிறேன். பயப்படாம இரு ஆத்தா.”

பயமில்லையப்பா என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்நிய மனிதர் நிற்கிறாரே.

“சரிப்பா.”

இன்று மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காட்டுப்பக்கம் எங்கோ இடி விழுந்து ஜன்னல் அதிர்ந்தது. மழை விட்டு ஓட்டுத் தண்ணீரும் சொட்டி ஓய்ந்தது. போன் அடிக்கவே இல்லை.

எழுந்து மெயினைத் தூக்கிவிட்டாள். கேமரா விழித்துக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நின்றது. அதன் பார்வை படாத அடுக்களை மூலைக்குப் போய், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

எப்போது தேடுகிறான் பார்ப்போம்.