பழைய ஒயர் என்று எழுதிய பெட்டி

பம்பு செட் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் நானும் அவரும் பன்னிரண்டு வருடமாக ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவர் ஸ்டோர் கீப்பர். வாஷர் முதல் வால்வு வரை அவர் சீட்டு ஒட்டாத பெட்டி கிடையாது. சீட்டுகள் வைத்திருக்கும் டப்பாவின் மேலேயே 'சீட்டு' என்று எழுதி ஒரு சீட்டை ஒட்டினார். அன்றிலிருந்து அவர் பெயர் லேபிள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

யாராவது வீடு மாறப்போகிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் போதும், லேபிள் பிடித்துக்கொள்வார். குழாயைத் திறந்து பார்த்தாயா, சுவரைத் தட்டிப் பார்த்தாயா, பீரோ மாடிப்படியில் திரும்புமா என்று உயிரை எடுப்பார். நான் வீடு பார்க்கப் போனபோது கூடவே வந்தார். உள்ளே குடியிருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர்களுடைய கழிப்பறையில் மூன்று முறை தண்ணீர் விட்டுச் சோதித்தார். அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை.

போன வருடம் அவரே வீடு மாறினார். வேறு யார் மாறியிருந்தாலும் அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. லேபிளோ ஒரு மாதம் திட்டம் போட்டார். பெட்டிமேல் உண்மையை எழுதுகிறவன் திருடனுக்கு வழிகாட்டுகிறான் என்பது அவர் கொள்கை. ஆகவே நாற்பத்திரண்டு பெட்டியிலும் பொய்யை எழுதினார். எதில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அவர் சட்டைப்பையிலிருந்த சின்ன நோட்டுக்கு மட்டுமே தெரியும். ஆயுளில் முதல் தடவையாகத் தப்பான லேபிள் ஒட்டுகிறோமே என்று கை கூசியதாக என்னிடம் சொன்னார். கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பீங்கான் தட்டுகள் இருந்த பெட்டியில் 'இரும்பு' என்று எழுதியிருந்தார். இரும்புதானே என்று இறக்கியவர்கள் வண்டியிலிருந்து அப்படியே கீழே போட்டார்கள். உள்ளிருந்து வந்தது இரும்புச் சத்தம் இல்லை.

அது போகட்டும், தட்டுதானே. பதினேழாம் பெட்டி அப்படி இல்லை. அதில்தான் அவர் மனைவியின் சான்றிதழ்களை வைத்திருந்தார், யாரிடமும் சொல்லாமல். அந்த அம்மா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து படித்து, மூன்று பரீட்சை எழுதி, நாற்பத்தோரு வயதில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை வாங்கியிருந்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்கு. அப்பேர்ப்பட்ட காகிதங்களைக் கோப்போடு பெட்டியில் வைத்து, மேலே 'பழைய ஒயர், உடைந்த பிளக்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார் லேபிள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புது வீட்டில் பெட்டிகளை எண்ணினார். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினார். பதினேழைக் காணோம். மனைவியிடம் கேட்டார். அந்தப் பழைய ஒயர் பெட்டிதானே, காலையில் கிளம்பும்போதே பழைய சாமான் கடைக்காரரிடம் போட்டுவிட்டேன், பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் வேளை வந்தது என்றார் அந்த அம்மா.

லேபிள் சட்டைப்பை நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பல்பு வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பழைய தெருவுக்கு ஓடினார்.

கடைக்காரர் பெட்டியைக் கொட்டி முடித்து, அதில் செய்தித்தாள் அடுக்கியிருந்தார். லேபிள் கோப்பைக் கேட்டார்.

"ஒயர்தான் சார் இருந்துச்சு. நீங்களே மேல எழுதியிருக்கீங்களே" என்றார் கடைக்காரர்.

தான் எழுதியது பொய் என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல், லேபிள் கடைக்காரரைப் பொய்யர் என்றார். அந்த மனிதர் தங்கமானவர். கோபித்துக்கொள்ளாமல் காகிதக் குவியலைக் காட்டி, தேடிக்கோங்க என்று விட்டுவிட்டார். மூன்று மணி நேரம் லேபிள் அந்தக் குவியலைத் தாள் தாளாகப் புரட்டினார். யார் யாருடைய மார்க் ஷீட்டெல்லாமோ வந்தது. வேண்டியது வரவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினார், தலையெல்லாம் தூசி, பல்பும் இல்லை. ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லும்போது அழுதுவிட்டாராம்.

அந்த அம்மா எழுந்து போய்த் தன் கைப்பையைத் திறந்து கோப்பை எடுத்துக் காட்டினார். "நீங்க உள்ள வச்சு ஒட்டினதைப் பார்த்தேன், அன்னைக்கே எடுத்துட்டேன். எடை குறைஞ்சா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நிஜமாவே பழைய ஒயரைப் போட்டு மூடினேன்."

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா வேற எங்கயாவது ஒளிச்சு வைப்பீங்க."

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த அம்மாதான். இப்போது அந்தப் பள்ளி ஆய்வகத்தில் குடுவைகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் அவர் வேலைதான். எல்லாம் சரியாக இருக்கிறதாம்.

அவர் வீடு மாறியதற்கு அடுத்த மாதம் எனக்கும் வீடு மாற வேண்டி வந்தது. பழக்க தோஷத்தில் லேபிளிடமே யோசனை கேட்டேன். வாஷர்களை எண்ணிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"முக்கியமான காகிதத்தை எல்லாம் உன் வீட்டம்மாகிட்ட குடுத்துடு" என்றார்.

இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெட்டிமேல் என்ன எழுதுவது என்று நானே கேட்டேன்.

"அதையும் அவங்களே எழுதட்டும்."