அக்கா மாட்டச் சொன்ன பம்பு

"ஒரு பம்பு மாட்டணும்ப்பா. நீ வந்தாத்தான் ஆகும்" என்று கொடைக்கானலிலிருந்து அக்கா போனில் சொன்னபோது, தண்ணீர்த் தொட்டிக்கு என்றுதான் நினைத்தேன். கன்னிவாடியில் விவசாய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவதும் பம்புகளைப் பழுதுபார்ப்பதும் என் தொழில். பைப் ரெஞ்சு, டெஃப்லான் டேப், இரண்டு வால்வு என்று கோணிப்பை கனக்கக் கட்டிக்கொண்டு மலை ஏறினேன். அக்காவின் குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாள் விரித்திருந்தது. நடுவில் அந்தப் பம்பு, தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. பக்கத்தில், மேசையைத் தாண்டி இறக்கை நீட்டிக்கொண்டு ஒரு பொம்மை விமானம். என் கோணிப்பையைப் பார்த்து அக்கா வெகுநேரம் சிரித்தாள்.

அக்கா மிஷன் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு விமானம் விடக் கற்றுக்கொடுத்த பௌதிக ஆசிரியர் வேறு ஊருக்குப் போனபோது, விமானங்கள் இருந்த அலமாரியின் சாவி அக்காவிடம் வந்தது. சும்மா தூசி தட்டத் திறந்தவள், ஐம்பது வயதுக்குமேல் தானே ரிமோட்டைப் பிடித்துப் பறக்கவிடப் பழகியிருந்தாள். இதையெல்லாம் அவ்வப்போது போனில் சொல்லியிருக்கிறாள். நான்தான் கடையில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிக்கல் இதுதான். விமானம் மட்டமாகப் போகும்வரை எஞ்சின் ஒழுங்காக ஓடும். மூக்கைத் தூக்கி மேலே ஏறினால் நின்றுவிடும். எரிபொருள் டேங்க் இறக்கைக்கு அடியில், எஞ்சினுக்கு வெகு பின்னால் இருந்தது. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஆழக் கிணற்றில் தண்ணீர் கீழே கிடக்க, மோட்டார் மேலே நின்று இழுக்க முடியாமல் திணறுகிற அதே கதை. எஞ்சின் சுற்றும்போது அதன் வயிற்றுக்குள் காற்று அமுங்கி அமுங்கி விரியும். அந்தத் துடிப்பிலேயே இந்தக் குட்டிப் பம்பு வேலை செய்யும் என்று அக்கா விளக்கினாள். எஞ்சினின் பின்மூடியைக் கழற்றி, பம்போடு வந்த மூடியைப் புதுக் கேஸ்கட் வைத்து மாட்டினேன். நான்கு ஸ்க்ரூ, அரிசி பருமன்தான் ஒவ்வொன்றும். என் விரலில் நிற்கவில்லை; அக்கா புருவம் திருத்தும் இடுக்கியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுத்தாள். டேங்கிலிருந்து பம்புக்கு ஒரு டியூப், பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு இன்னொன்று. புகையின் அழுத்தத்தால் எரிபொருளைத் தள்ளுவதற்காகச் சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போன பழைய டியூப் இனி வேண்டியதில்லை. அதை எடுத்துவிட்டுச் சைலன்சர் ஓட்டையை அடைத்தோம்.

முற்றத்தில் வைத்துக் கிளப்பினால் இருமி இருமி நின்றது. எங்கோ காற்றுப் பிடிக்கிறது என்று டியூபை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஊசிமுனை அளவு கிழிசல். அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடி மாட்டியதும் எஞ்சின் வீறிட்டுப் பிடித்துக்கொண்டது. எரிபொருளில் கலந்திருந்த விளக்கெண்ணெயின் புகை வாசம் முற்றம் முழுக்கப் பரவியது. விமானத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூக்கத் தூக்குப்பா. இன்னும் தூக்கு" என்றாள் அக்கா.

நேரே வானத்தைப் பார்க்கத் தூக்கினேன். எஞ்சின் நிற்கவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் புகையென்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டாள்: "நாளைக்கு வெள்ளனே இந்த மலையிலயே போளூர்ப் பக்கம் போவோமா? அங்க மேய்ச்சல் மேடு இருக்கு. பத்து மணி வரைக்கும் மஞ்சு மூட்டம் எறங்காது. பறக்கறத நீ பாத்துட்டுப் போயேன்."

ஒரு தோட்டத்தில் மோட்டார் நிற்கிறது, பயிர் காய்கிறது, போயே ஆகவேண்டும் என்றேன். பொய். எனக்கு அந்த வாரம் ஒரு சோலியும் இல்லை. அந்தக் குளிரும், அடுக்களையில் ஒற்றைத் தட்டும் ஒற்றைத் தம்ளரும் கவிழ்த்திருந்ததும், சாயங்காலமானால் வீட்டுக்குள் வந்து உட்காரும் அமைதியும் என்னால் ஒரு நாளுக்குமேல் தாங்க முடியாதவை. அக்கா அதில்தான் முப்பது வருஷமாக இருந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "சரி, அப்ப வெரசா கெளம்பு, பஸ் போயிரும்" என்று மட்டும் சொல்லி, ஒரு பை நிறையப் பேரிக்காய் கட்டிக்கொடுத்தாள். மறுநாள் நான் போன் செய்யவில்லை. பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டது.

ஓய்வு பெற்றதும் அக்காவை இங்கே கூட்டிவந்துவிட்டேன். விமானத்தைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டாளாம். எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்கள் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அதற்கு நடுவில், யார் வழியிலும் குறுக்கிடாமல், அக்கா ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். போன மாதம் ஒரு மத்தியானம் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மின்சாரமும் இல்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் ஒருவழியாகக் கேட்டேன்: நான் கிளம்பி வந்த மறுநாள் போளூருக்குப் போனாயா?

"போனேனே" என்றாள், நேற்று நடந்ததுபோல. "பம்பு நல்லா இழுத்துச்சுப்பா. ரெண்டு தரம் நேரா மேல ஏத்துனேன், நிக்கவே இல்ல. யார்ட்டயாச்சும் சொல்லணும்னு திரும்புனேன். என்னயக் கூட்டிட்டு வந்த ஜீப்காரத் தம்பி வண்டிக்குள்ள தூங்கிட்டான். வேற ஆளு இல்ல. சரின்னு எறக்கிட்டேன். பாதி டேங்க் எண்ணெ அப்பிடியே கெடந்துச்சு."

சொல்லிவிட்டு அடுத்த காம்பை எடுத்தாள். அந்தக் கீரை முழுவதையும் அவள் உருவி முடிக்கும்வரை நான் எழுந்து போகவில்லை.