செபமாலையின் நாக்கு

மண்டைதீவில் ஒருத்தி கஞ்சிக்கு அள்ளிய உப்பில் ஒரு கல் கைதவறிக் கடலில் விழுந்தால், இக்கரையில் குருநகரில் நிற்கும் செபமாலையின் நாக்குக்கு அது தெரிந்துவிடும். ஒரு கல் என்றது கொஞ்சம் கூடத்தான். ஒரு சிரட்டை உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நம்பாதவர்கள் அரை மூட்டை வரைக்கும் போகலாம். அதற்கு மேல் விட்டுத்தர முடியாது.

அரை மூட்டைக்குச் சாட்சி இருக்கிறது. கடல்நீரைப் பரிசோதிக்க வந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர், கண்ணில் வைத்துப் பார்க்கும் குழாய்க் கருவி ஒன்றைக் காட்டிப் பெருமை பேசினார். மூன்று இடத்துத் தண்ணீரை மூன்று போத்தலில் அடைத்து நீட்டினார். செபமாலை ஒவ்வொரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு, எது எந்த இடத்துத் தண்ணீர் என்று சொன்னார். மூன்றாவது போத்தலில் தம்பி தன்னுடைய குடிதண்ணீரைக் கலந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். உத்தியோகத்தர் கருவியைக் கடலில் எறிந்துவிட்டுப் போனார் என்று முடித்தால் கதை இன்னும் வடிவாக இருக்கும். உண்மையில் அதை உறைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, மிச்ச இடங்களின் உப்பைச் செபமாலையிடமே கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அந்த நாக்கை நம்பிப் பதினொரு வீடுகள் அடுப்பு மூட்டின.

குருநகருக்கு முன்னால் கிடப்பது ஆழமில்லாத பரவைக் கடல். அது ஆண்டு முழுவதும் ஒரே தண்ணீர் அல்ல. வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் வெயிலும் காற்றுமாகச் சேர்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆவணியில் கரையோரச் சேறு வெடித்து உப்புப் பூக்கும். திரளி, மணலை மீன்கள் ஆழம் தேடிப் போய்விடும். வாயில் எடுத்தால் அடிநாக்குக் கைக்கும். பிறகு ஐப்பசி கடைசியில் மழை. வயல்களையும் வாய்க்கால்களையும் கழுவிக்கொண்டு வரும் மழைத்தண்ணீர் கடலுக்கு மேலே ஒரு பாய் போல விரிந்து கிடக்கும். கீழே பழைய உப்பு அப்படியே இருக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஓர் அளவுக்கு வந்ததும், அதுவரை கடற்புல்லுக்குள் கொழுத்திருந்த இறால் முழுவதும் வற்றுத்தண்ணீரோடு பெருங்கடலுக்குப் புறப்பட்டுவிடும். இரண்டு இரவு, கூடினால் மூன்று. அதற்கு முன் தடி ஊன்றி, சிறகுவலை கட்டி, வழிமறித்து நிற்க வேண்டும். முந்தினால் வெள்ளத்தில் அள்ளுண்டு வரும் சாதாளைப் புல் வலையை அடைத்துத் தடியோடு பிய்த்துக்கொண்டு போகும். பிந்தினால் வலையில் தண்ணீர்தான் நிற்கும்.

அந்த நாளைச் சொல்வது செபமாலை. இடுப்பளவு தண்ணீரில் போய் நிற்பார். கையில் ஒரு மருந்துப் போத்தல். வாயைப் பெருவிரலால் பொத்தி அடிச்சேறு வரை இறக்கி, அங்கே விரலை எடுத்து, நிரம்பியதும் பொத்திக்கொண்டு மேலே எடுப்பார். ஒரு வாய். நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். துப்புவார். “ஊண்டுங்கோ” அல்லது “பொறுங்கோ.” அவ்வளவுதான் அவருடைய வேலை. யுத்த காலத்தில் ஷெல் துண்டு ஏறியதிலிருந்து வலது முழங்கால் மடங்காது. வலை இழுக்க அவரால் ஏலாது. அதனால் அந்த இரவுகள் ஒவ்வொன்றிலும் படுகிற இறாலில் முதல் கூடை அவருடைய வாசலுக்கு வரும். நாக்குக் கூடை என்று அதற்குப் பெயர். அது தருமம் அல்ல, கூலி. அதை யாராவது தருமம் என்று சொன்னால் கூடையோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அவருக்கும் மனைவி றோசுக்கும் ஒரே மகன். ஜெரிசன். இருபத்தாறு வயது, தகப்பனின் நாக்கு இல்லாவிட்டாலும் நல்ல தோள். அந்த 2021 புரட்டாதியில், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“அப்பா, இந்த மாரி பாப்பம். இறால் பட்டால் நிக்கிறன். படாட்டிப் போறன்.”

“எங்கை, யாழ்ப்பாணம் ரவுணுக்கோ?”

“பகிடி விடாதேங்கோ. வெளிநாட்டுக்கு. போட்டிலை ஏத்துறாங்கள்.”

செபமாலை சிரித்தார். “அப்ப நீ போக மாட்டாய். இறால் என்னைக் கேட்டுத்தானே வெளிக்கிடுறது.”

றோஸ் சிரிக்கவில்லை. மகன் சொன்னால் செய்கிறவன் என்பது அவளுக்குத் தெரியும்.

ஐப்பசி தொடக்கத்தில் அந்த வீட்டுக்குக் கொரோனா வந்தது. படலையில் தனிமைப்படுத்தல் கடதாசி ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் காய்ச்சல், மூன்று பேரும் தப்பினார்கள். கடதாசியைக் கிழித்த அன்று செபமாலை பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சீனி போடவில்லையா என்று கேட்க வாயெடுத்தார். அடியில் கரையாத சீனி கிடந்தது. கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் களவு போல நடந்தது. ஆளில்லாத நேரம் குசினிக்குள் போய் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்தார். அது ஒரு சிறு பரல் போலக் கிடந்து கரைந்து போனது. பாகற்காயைப் பச்சையாகக் கடித்தார். புல். பச்சைமிளகாய் மட்டும் எரித்தது. எரிவு நாக்கின் வேலையல்ல, தோலின் வேலை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஒவ்வொரு விடியலும் முதலில் நாக்கைத்தான் எழுப்பிப் பார்த்தார். எல்லாருக்கும் இரண்டு கிழமையில் திரும்பியது என்றார்கள். அவருக்குத் திரும்பவில்லை.

நவம்பர் இரண்டில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முந்தின கிழமை, ஒருநாள் மத்தியானம், அவர் கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டார். றோசுக்குக் கோயிலைக் கூட்டப் போகிற அவசரம்; சொதிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். செபமாலை சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

“எப்பிடிக் கிடக்கு?” என்று கேட்டாள்.

“நல்லாயிருக்கு. இன்னும் ஒரு அகப்பை விடு.”

விட்டாள். கொஞ்சம் நின்றாள். பிறகு குசினிக்குள் போய், அப்போதுதான் நினைவு வந்தது போல உப்புப் போத்தலைத் திறந்து சட்டிக்குள் போட்டுக் கலக்கினாள். அதைக் கண்ட செபமாலை வாய்க்குக் கொண்டுபோன பிடியைத் தட்டில் திரும்ப வைத்தார். அவள் திரும்பி வந்து தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுக் கோயிலுக்கு வெளிக்கிட்டாள். மறதிக்காரி, கவனிக்கவில்லை. கடவுள் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தார்.

அந்த ஆண்டு மழை முந்தி வந்தது. வந்ததும் வாளியால் ஊற்றியது போல வந்தது. ஆத்துமாக்கள் திருநாள் கழிந்த ஏழாம் நாள் விடியல் எமில்ராஜ் வீச்சுவலையோடு வாசலுக்கு வந்துவிட்டான். எமில்ராஜ் பக்கத்து வீட்டுக்காரன், பதினொரு வீட்டிலும் வாய் கூடினவன்.

“அண்ணை, உதைப் பாருங்கோ. ஒரே வீச்சுக்கு ஒரு சுண்டு இறால். நடக்கத் தொடங்கீட்டுது. வாங்கோ, வந்து நாக்கை நனையுங்கோ.”

போனார். ஜெரிசன் தோள் கொடுத்துத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டான். பதினொரு வீட்டு ஆண்களும் கரையில் தடிகளோடு நின்றார்கள். போத்தல் இறங்கியது, ஏறியது. வாயில் எடுத்தார். குளிர் தெரிந்தது. சேற்றின் மணல் பல்லில் நெரிந்தது. வேறு ஒன்றும் இல்லை. உப்பில்லாத தண்ணீரா, உப்பறியாத நாக்கா? கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குள் அவர் மூழ்கிக்கொண்டிருந்தார். ஊண்டுங்கோ என்று சொல்லிப் பிழைத்தால் பதினொரு வீட்டு வலையும் சாதாளையோடு போகும். பொறுங்கோ என்று பிழைத்தால் போவது இறால் மட்டும்; வலை மிஞ்சும். இத்தனை ஆண்டில் ஆத்துமாக்கள் திருநாள் கழிந்து பத்து நாளுக்குள் அவர் ஒருபோதும் தடி ஊன்றச் சொன்னதில்லை. நாக்கை விட்டுக் கலண்டரைப் பிடித்துக்கொண்டார்.

துப்பினார். “பொறுங்கோ. இன்னும் மூண்டு நாள்.”

“அப்ப இந்த இறால்?” என்றான் எமில்ராஜ்.

“அது விசர் இறால். வழிதவறி வந்தது.”

“சரி. உங்கடை நாக்குச் சொன்னால் என்ரை கண்தான் பொய்.”

ஜெரிசன் மட்டும் தகப்பனின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். “வடிவாய்ப் பாத்தனீங்களோ அப்பா?”

“நாக்காலை பாக்கிறதிலை வடிவென்ன, வடிவில்லாததென்ன. பிடி என்னை, கால் உளையுது.”

நாலாம் நாள் ஊன்றினார்கள். வலையில் ஒரு கை நண்டுக்குஞ்சும் ஒரு றப்பர்ச் செருப்பும் கிடந்தன. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அடுத்த கரைக்காரர் மூன்று இரவும் அள்ளியிருந்தார்கள். ஐஸ் பெட்டி போதாமல் லொறி இரண்டு முறை திரும்பி வந்ததாம். இந்தக் கரையில் யாரும் செபமாலையை ஒரு சொல் சொல்லவில்லை. எமில்ராஜ், வாழ்நாளில் ஒருவரையும் பகிடி பண்ணாமல் விடாதவன், வாசலில் வந்து குந்தி மெதுவாகச் சொன்னான்:

“மழை ஏமாத்திப் போட்டுது அண்ணை. உங்களிலை பிழையில்லை.”

செபமாலை தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பொய். அன்று வாயால் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஜெரிசன் உடனே போகவில்லை. நத்தார் கழிந்தது, வாடைக்காற்று அடங்கியது, பங்குனியில் நண்டு கொஞ்சம் பட்டது. பிறகு மண்ணெண்ணெய் இல்லாமல் போனது. வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன. அவனும் வரிசையில் கானோடு நின்று வெறுங்கானோடு வந்தான். ஆனி மாதம் ஒரு பின்னேரம் ஒரு சின்னப் பையைக் கட்டி வைத்துவிட்டுத் தகப்பனுக்கு முன்னால் வந்து இருந்தான்.

“சொன்ன சொல்லு அப்பா. போறன்.”

“இன்னும் ஒரு மாரி பாத்திட்டுப் போவன்.”

“எதைப் பாக்கிறது? உங்கடை நாக்குக்கே விளங்கேல்லையெண்டால் இது இனிப் பழைய கடல் இல்லை. தண்ணி மாறீட்டுது, இறாலின்ரை கணக்கும் மாறீட்டுது. நீங்கள் பிழை விட்டிருந்தால் நான் நிப்பன். நீங்கள் பிழை விடேல்லை. கடல்தான் முடிஞ்சுது.”

செபமாலை வாயைத் திறந்தார். கடலுக்கு ஒண்டும் இல்லை மகனே, செத்தது என்ரை நாக்கு. பத்துச் சொல் கூட இல்லை. அதைச் சொன்னால் பையன் பையை அவிழ்ப்பான். அதைச் சொன்னால் பதினொரு வீடும் அறியும். முதல் கூடையும் போகும். மடங்காத கால் ஒன்றுதான் மிச்சம். அவர் வாயை மூடினார். பிறகு திறந்து, “கவனமாய்ப் போ” என்றார்.

பதினாறு நாள் கழித்துப் போனில் குரல் ஒன்று வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம். “அப்பா, இஞ்சை தண்ணி நல்ல நீலம். உப்பு எப்பிடியெண்டு நீங்கள் வந்துதான் சொல்லவேணும்.” அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அரசாங்கக் கந்தோர்களுக்கு அலைந்தார்கள். எங்கோ கரையேறியவர்களின் பெயர்ப்பட்டியல் வந்தபோதெல்லாம் றோஸ் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன.

அந்தக் கார்த்திகையில் மழை இறங்கியதும் பதினொரு வீட்டாரும் வழக்கம்போல வாசலுக்கு வந்தார்கள். எமில்ராஜின் கையில் மருந்துப் போத்தல்.

“வாங்கோ அண்ணை.”

செபமாலை எழும்பவில்லை. “நான் வரேல்லை. என்ரை நாக்குச் செத்துப்போச்சு.”

“எப்ப?”

“போன வருச ஐப்பசி. காய்ச்சலோடை.”

எமில்ராஜ் விரல் விட்டு எண்ணுவது போலக் கையைப் பார்த்தான். “அப்ப அண்டைக்குப் பொறுங்கோ எண்டது?”

“சும்மா சொன்னது.”

“ஜெரிசனுக்கு இது தெரியுமோ?”

“இல்லை.”

எமில்ராஜ் போத்தலைப் படிக்கட்டில் வைத்தான். திட்டுவான் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் திட்டவில்லை. சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் நடந்தான். மற்றவர்களும் போனார்கள். அந்த மாரி எமில்ராஜின் வீச்சுவலையை நம்பித் தடி ஊன்றினார்கள்; இறால் பட்டது. நிறையப் பட்டது என்று சொல்ல ஆசைதான். அளவாகப் பட்டது. ஒருவன் ஊரில் நிற்கப் போதுமான அளவு. கடல் முடியவில்லை. முதல் கூடை பழையபடி வாசலுக்கு வந்தது, யாரும் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள். இது தருமம் என்று செபமாலைக்குத் தெரியும். திருப்பி அனுப்பவில்லை.

இப்போது மூன்று மாரி கழிந்துவிட்டது. நாக்குத் திரும்பவில்லை, மகனிடமிருந்தும் ஒன்றும் இல்லை. செபமாலையைக் குடைவது ஒன்றே ஒன்று. நாக்குச் செத்தது உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது, அந்த ஒருவரும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சொதிக்கு உப்புப் போட மறந்தவள் அதைக் கவனித்திருந்தால், கத்தியிருந்தால், தடி ஊன்ற முன்னமே எல்லாம் வெளியே வந்திருக்கும். அவளுடைய மறதியை அவர் கடவுளின் உதவி என்று நினைத்தார். கடவுளுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கிறது.

முற்றத்தில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டு, நான் உங்களுக்குச் சொன்ன இவ்வளவையும் கேட்டிருந்த றோஸ் கையை நிறுத்தினாள். பக்கத்தில் காலை நீட்டியிருந்த செபமாலையை அவள் பார்க்கவில்லை.

“எல்லாம் சரி. சொதிதான் பிழை” என்றாள். “நான் மறக்கேல்லை. வேணுமெண்டுதான் உப்புப் போடேல்லை. அண்டைக்கு மட்டுமில்லை, மூண்டு நாள். இவருக்கு முதல் சொதியை விட்டிட்டுப் பேந்துதான் சட்டியிலை போட்டனான். மூண்டு நாளும் நல்லாயிருக்கெண்டுதான் சொன்னவர்.”