ரெக்சினுக்கு அடியில் புதைத்த பக்கிள்

என் ரெண்டு கண் மேலே ஆணை, ஊரைக் கூட்டிச் சத்தியம் பண்ணுகிறேன், இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன் பொய் சொல்லவே முடியாது. தையல் கோணினால் ஏறி உட்காருகிறவன் முதுகே சொல்லிவிடும். ராயபுரத்தில் நாற்பது வருஷம் தைத்தேன். துறைமுகத்தில் தண்ணீருக்குள் போன ஒரு காரை எட்டு நாள் கழித்துத் தூக்கினார்கள், நான் தைத்த சீட்டில் மட்டும் ஈரமே இல்லை. நம்பாதவர்கள் உள்ளே குடியிருந்த மீன்களைக் கேட்கலாம். காரும் கைக்குழந்தையுமாக அல்லாடுகிற நீங்கள், இனி வருவதையாவது நம்புங்கள்.

உறுத்தாத சீட்

சாத்தாங்காட்டில் இரும்பு வியாபாரம் செய்யும் சலீம் பாய் புதுக் காரை நேரே என் கடைக்கு ஓட்டி வந்தார். பின்சீட்டில் பெல்ட் மாட்டும் பக்கிள்கள் துருத்திக்கொண்டு நின்றன. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அவற்றைக் கீழே அமுக்கி, மேலே ரெக்சினை இழுத்துத் தைத்துவிடுவோம். பின்னால் யார் பெல்ட் போடுகிறார்கள்? சீட் சோபா மாதிரி வழவழவென்று ஆகிவிடும். பாய் உட்கார்ந்து ஒரு குதி குதித்தார்.

"ஷோக்கா கீது நைனா! உறுத்தவே இல்ல!"

படகுக் கயிறு

அடுத்த வருஷம் அவருக்குப் பெண் பிறந்தது. ஆயிஷா. துபாயிலிருந்து தன் தம்பி அனுப்பிய பேபி சீட்டைத் தூக்கிக்கொண்டு பாயின் மனைவி நூர்ஜகான் அவரோடு வந்தார். "இத்த நல்லா மாட்டிக் குடுங்க பெரியவரே. இவரு மடியில வெச்சிகினே போறாரு, எனுக்கு பயமா கீது."

கார் பெல்ட்டை அந்த சீட்டுக்குள் நுழைத்துப் பக்கிளில் மாட்ட வேண்டும். பக்கிளோ என் தையலுக்கு அடியில். பிரித்தால் அரை நாள் வேலை. என் கைத்தையலை நானே கிழிக்கவும் மனசு வரவில்லை. காசிமேட்டுப் படகுக் கயிறு கொஞ்சம் கிடந்தது. அதைக்கொண்டு பேபி சீட்டைப் பின்சீட்டின் தலைசாய்ப்புக் கம்பியோடு இறுக்கிக் கட்டி, "புயல்லயே அறாத கயிறும்மா" என்று கதை அளந்துவிட்டேன். அந்த அம்மா முகம் தெளியவில்லை. பாய் சிரித்தார்.

"படகே நிக்குதாம், என் பொண்ணு நிக்க மாட்டாளா?"

எண்ணூர் ரோடு

பிறகு ஒரு நாள் அந்த ரோட்டில், முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று நின்றது. பாயின் கார் அதன் முதுகில் போய் மோதியது. கயிறு அறவில்லை, நான் சொன்னது அதுவரைக்கும் சரி. கம்பி பிடுங்கிக்கொண்டது. குழந்தையோடு சேர்ந்து பேபி சீட் பறந்து முன்னால் போய் விழுந்தது.

மூன்று நாள் ஆயிஷா கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவை விட்டு நான் நகரவில்லை. நாலாம் நாள் திறந்தாள். கையும் காறை எலும்பும் உடைந்திருந்தன. அன்றைக்கே பாயைக் கூட்டிக்கொண்டு நசுங்கிய காரைத் தேடிப் போய், அவர் பார்க்க என் தையலைப் பிளேடால் கிழித்தேன். உள்ளே பக்கிள், ஒரு கீறல் இல்லாமல், புதுசாக இருந்தது. அடிப்பார் என்று குனிந்து நின்றேன். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இத்தினி நாளும் வண்டிக்குள்ளயே கீதா, நைனா?"

இப்போது நான் தைத்த சீட்டையெல்லாம் நானே வீடு வீடாய்ப் போய்க் கிழித்துத் திட்டு வாங்குகிறேன், பக்கிள் அடியில் புதைந்திருக்கிறதா என்று உங்கள் பின்சீட்டையும் இன்றைக்கே தடவிப் பாருங்கள், சொன்னது யார் என்று மட்டும் எங்கள் தொழில்காரர்களிடம் மூச்சு விடாதீர்கள்.