லார்ச் மரத்துக்கு உப்பு

யாழ்ப்பாணத்துப் பாசையூர் றெஜினோல்டுக்குப் பயம் கூடப் பிறந்ததல்ல. லண்டன் வந்து பழகிக்கொண்டது. 1987இல் அகதி வழக்குப் போட்டுவிட்டு, தெற்கு லண்டனில் சட்டன் பக்கத்தில் ஒரு பூங்காவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாசலில் தபால் விழுகிற சத்தம் கேட்டாலே வழக்கைத் தள்ளிவிட்டார்களோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்.

பூங்காவின் வடக்கு மூலையில், குளிர்நாட்டு மலைக்காட்டு மரங்களைக் கொண்டுவந்து ஒரு குட்டிக் காடே வளர்த்திருந்தார்கள். பொறுப்பாளர் மகாலிங்கம், மலேசியாவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவர். செப்டம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது, "இந்த ஊசியிலை மரமெல்லாம் குளிர்லயும் பச்சையாத்தான் இருக்கும். மஞ்சளாச்சுன்னா நோய்னு அர்த்தம். பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்டோபர் கடைசியில், அந்தக் காட்டில் நின்ற லார்ச் என்ற ஐந்து ஊசியிலை மரங்களில் ஓரத்து இளமரம் மஞ்சளாயிற்று. றெஜினோல்டுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேலை போனால் வழக்கும் போகும் என்று அவராகவே ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தார். ஊரில் தென்னம்பிள்ளை வாடினால் அடியில் உப்புப் போடுவார்கள். பனிக்காலத்தில் பாதையில் தூவுகிற உப்போ கொட்டகையில் குவிந்து கிடந்தது. இரண்டு வாளி அள்ளி அந்த இளமரத்தின் வேரடியில் கொட்டித் தண்ணீரும் ஊற்றினார். அடுத்த வாரம் ஐந்துமே மஞ்சளாகின. பிறகு மொட்டையாக நின்றன. மனுசன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

திரும்பி வந்த மகாலிங்கம், மரங்களுக்கு நோய் வந்துவிட்டது என்று றெஜினோல்டு சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "லார்ச் மட்டும் குளிருக்கு இலையைக் கொட்டும்பா. சொல்ல மறந்துட்டேன். இவ்வளவு அக்கறையா பாத்துக்கிறியே, உன் கேஸ் கூப்பிடும்போது நல்ல வேலைக்காரன்னு நானே ஒரு கடிதம் எழுதித் தர்றேன்."

றெஜினோல்டும் சிரித்தார். உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் பனிக்காலம் முழுக்க அந்த ஓரத்து மரத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டே போனார்.

ஏப்ரலில் நான்கு மரங்கள் தளிர்த்தன. ஓரத்து மரம் விறகாக நின்றது. மண்ணைக் கிளறிப் பார்த்த மகாலிங்கம், "யாரோ வேணும்னே எதையோ கொட்டியிருக்கான். போலீசுக்குச் சொல்லப் போறேன்" என்றார்.

போலீஸ் என்றதும் றெஜினோல்டு முந்திக்கொண்டார்.

"நான்தான் அண்ணை. உப்புப் போட்டனான். மரத்துக்கு ஏதோ நோய், வருத்தம் எண்டு நினைச்சு..."

மகாலிங்கம் கோபப்படவில்லை; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. காய்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நான் வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா மண்ணை மாத்திக் காப்பாத்தியிருக்கலாமே. ஏன்பா சொல்லல?"

"அண்டைக்குத்தானே அண்ணை, கடிதம் எழுதித் தாறன் எண்டு சொன்னீங்கள்."