வஹ்பா அண்ணன் பாடாத நாற்பதாம் நாள்

மல்லாவியில் எங்கள் கிறிஸ்தவக் கோவிலின் பாட்டுத் தலைவர் வஹ்பா அண்ணன். அவர் பக்கத்தில் நின்று தாளம் தட்டுகிறவன் நான், கமீல், வயிற்றுப்பாட்டுக்கு முடிவெட்டுகிறேன். அண்ணனின் குரலுக்குத் தெருக் கழுதைகூட ஒரு நிமிஷம் நின்று கேட்கும். தலைக்கனமும் அந்த அளவுக்கு உண்டு. வேறு யாராவது பாடினால் பல் கூசுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்ததும், உயிரோடு இருக்கிற எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அடக்கச் சடங்கை முன்கூட்டியே செய்துவிடுவோம். அடுத்து வரும் வாரம் ஆண்டவரின் துக்கத்துக்கு மட்டும் உரியது. அந்த வாரத்தில் எவன் செத்தாலும் தூபம் கிடையாது, தனிச் சடங்கு கிடையாது. வாசகம் படித்துவிட்டு எடுத்துப்போக வேண்டியதுதான். அந்த ஞாயிறும் அண்ணன்தான் பாடினார். வாசலில் அவர் தம்பி நஸீம், குருத்தோலையில் மோதிரம் பின்னிக்கொண்டே வம்பிழுத்தான்.

"எனக்கும் சேத்துத்தானே பாடுன? கடைசியில ரொம்ப இழுத்துட்ட."

"உனக்கு அது போதும், போடா."

செவ்வாய்க்கிழமை நஸீம் மாரடைப்பில் போய்விட்டான்.

வாசகத்தை அண்ணனே துக்க மெட்டில் படித்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. யூதாசின் முத்தத்தை நினைத்து, புதன் முதல் உயிர்ப்பு வரை நாங்கள் யாரையும் முத்தமிட மாட்டோம். அதனால் துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் கன்னத்தோடு கன்னம் வைக்க முடியாமல், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மரம்போல நின்றார்கள். பெரிய வெள்ளியன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே பாடினார். ஊரே அழுதது, அவர் அழவில்லை. உயிர்ப்புக்குப் பிறகு ஐம்பது நாளைக்குத் துக்க மெட்டே கூடாது. சாவுக்கும் சந்தோஷ மெட்டுதான். நோன்பு முடியக் காத்திருந்த கல்யாணங்கள் வேறு வரிசைகட்டி வந்தன. ஒன்று விடாமல் பாடினார்.

ஒருநாள் அவர் மனைவி தெமியானா என் கடைக்கே வந்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் முடிவெட்டும் கடையில் படியேறுவது லேசுப்பட்ட காரியமில்லை.

"கமீலு, அவரு தூங்குறதே இல்ல. தட்டுல வச்ச சோறு வச்ச மாதிரியே இருக்கு. 'உள்ள ஒண்ணுமே இல்ல தெமியானா, குரல் மட்டும்தான் வெளிய போகுது'ங்கிறாரு. இப்படியே போனா மனுசன் இடிஞ்சுபோயிருவாரு. எனக்குப் பயமா இருக்கு."

"கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்ல வேண்டியதுதானே, மதினி?"

"சொன்னேனே. 'அப்புறம் யாரு பாடுவா, அந்தக் கமீலா?'ங்கிறாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. கடையைச் சாத்திவிட்டு நேரே எங்கள் குருவானவர் அபூனா மினாவிடம் போய், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன்.

நஸீமின் நாற்பதாம் நாள் பூசைக்கு அண்ணன் வழக்கம்போல வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். அபூனா வழிமறித்தார்.

"கழட்டுங்க வஹ்பா."

"ஏன் அபூனா?"

"இன்னைக்கு நீங்க பாடகர் இல்ல. செத்தவனோட அண்ணன். போய் வீட்டாரோட உக்காருங்க."

"அப்ப யாரு பாடுறது?"

"கமீல்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நஸீம் இரண்டாவது தடவை செத்ததுபோல இருந்தது.

சந்தோஷ மெட்டில் ஆரம்பித்தேன். முன்வரிசையில் நஸீமின் மகன்களுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் விரல் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் சறுக்கிய இடத்திலெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒருமுறை எழுந்திருக்கவே பார்த்தார். மூத்த மகன் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

அபூனா நஸீமின் பெயரைச் சொல்லி மன்றாடினார். அந்த இடத்தில் பதில் பாடுவது எப்போதும் அண்ணன். நான் பாடினேன். அவர் விரல் நின்றது. ஊரையே அழவைத்த அந்தக் குரல், மெட்டு எதுவும் இல்லாமல், "தம்பி, என் தம்பி" என்று கதறியது. பெண்கள் பக்கத்திலிருந்து தெமியானா "ஆண்டவரே, அழுதுட்டாரு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பாட்டைப் பாதியில் விட்டுவிட்டேன்.

அண்ணன் நனைந்த முகத்தை நிமிர்த்தினார்.

"ஏன்டா நிறுத்துன? கேவலமாத்தான் பாடுற. பாடு."